கேஸ் கட்டிங் வளைவு முதலை முதுகு மாதிரி வந்திருக்கிறது. எப்படி வழவழப்பாக்குவது?

#1 வில்லிவாக்கத்தான் | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பழைய வீட்டு உத்தரத்தில் தொங்கிய ஊஞ்சல் பலகை இப்போது பரணில் கிடக்கிறது. புது வீட்டுக் கூரையில் துளை போட உரிமையாளர் சம்மதிக்கவில்லை. அம்மா வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை என்னை ஏறச் சொல்லிப் பலகையை இறக்கி, துடைத்து, மறுபடி ஏற்றி வைக்கச் சொல்கிறார். சரி, இரும்பிலேயே ஒரு ஸ்டாண்டு செய்து மாடியில் போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

நான்கு கால்கள். ஒவ்வொன்றும் 12 மி.மீ. பிளேட், 100 மி.மீ. அகலம், 1.8 மீட்டர் உயரம். அன்னத்தின் கழுத்து மாதிரி கீழே ஒரு பக்கம் வளைந்து மேலே மறுபக்கம் திரும்பும். சாக்பீஸில் நானே வரைந்து, பக்கத்துப் பட்டறை ஒன்றில் கேஸ் கட்டிங்குக்கு, அதாவது கேஸ் சுடரும் ஆக்சிஜனும் வைத்து வெட்ட, கொடுத்தேன். வந்தது அன்னம் இல்லை, முதலை. ஓரம் முழுக்க வரி வரியாக இருக்கிறது, அடியில் கசடு உறைந்து ஒட்டியிருக்கிறது, ஏறக்குறைய அடிக்கு ஒரு குழி. ஆழமான குழி 3 மி.மீ. வரும்.

என்னிடம் இருப்பது ஒரு ஏஜி ஃபோர், அதாவது நாலு அங்குல கை கிரைண்டர். இன்று மதியம் ஒரு காலின் வெளி ஓரத்தை மட்டும் இரண்டு மணி நேரம் தேய்த்தேன். வரிகள் போய்விட்டன, பதிலுக்கு அலைகள் வந்துவிட்டன. தள்ளி நின்று பார்த்தால் மெரினா தெரிகிறது. ஃபிளாப் டிஸ்க் (எமரித் துணி அடுக்கிய சக்கரம்) இரண்டு தீர்ந்துவிட்டது. அரம் வைத்தால் கண்ணாடிமேல் தேய்ப்பதுபோல் வழுகுகிறது. மொத்தம் பதினான்கு மீட்டருக்கு மேல் ஓரம் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

#2 அம்பத்தூர் லேசர் | சனி, இரவு 10.05

நாலையும் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, படத்தைக் கணினியில் வரைந்து எடுத்துக்கொண்டு அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் வாருங்கள். 12 மி.மீ. எல்லாம் லேசருக்கு ஒரு விஷயமே இல்லை. நாலு காலும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் வரும்.

#3 வில்லிவாக்கத்தான் | சனி, இரவு 10.20

அண்ணே, ஒரு கால் 17 கிலோ. நாலுக்கு 68 கிலோ இரும்பு வாங்கியாகிவிட்டது. இன்னொரு முறை வாங்கினால் வீட்டில் ஊஞ்சலுக்குப் பதில் என்னைத் தொங்கவிடுவார்கள்.

#4 கத்திப் பட்டறை தாம்பரம் | சனி, இரவு 10.48

ஃபிளாப் டிஸ்க் சீக்கிரம் தீர்ந்ததற்குக் காரணம் அந்த வெட்டு ஓரத்தின் கறுப்புத் தோல். ஆக்சைடு, கல் மாதிரி இருக்கும். முதலில் உளியால் கசடைத் தட்டி எடுங்கள், பிறகு கெட்டியான கிரைண்டிங் வீலால் தோலை உரியுங்கள். ஃபிளாப் அதற்கு அப்புறம்தான். 40 நம்பர், அடுத்து 80.

நான் கத்தி செய்பவன். என் பெல்ட் கிரைண்டரில் 17 கிலோவைத் தூக்கிப் பிடிக்க முடியாது, ஆகவே மெஷினை வேலைக்குக் கொண்டுபோக வேண்டும். மரவேலைக்கு விற்கிற கை பெல்ட் சாண்டர் இருக்கிறதே, அதில் சிர்கோனியா பெல்ட் மாட்டினால் இரும்பையும் நன்றாகத் தின்னும். ஒரு எச்சரிக்கை: தூசிப் பையைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். உள்ளே பழைய மரத்தூள் இருந்து, அதில் இரும்புப் பொறி விழுந்தால் பை பற்றிக்கொள்ளும். எனக்குப் பற்றியது. தண்ணீர்க் குடம் பக்கத்தில் இருந்ததால் பையோடு போயிற்று.

#5 பழைய ஃபிட்டர் | ஞாயிறு, காலை 6.10

தம்பி, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 31 வருஷம் அரத்தோடு வாழ்ந்தவன் நான். நீங்கள் செய்த தவறு கிரைண்டரில் இல்லை. கோடே இல்லாமல் தேய்க்க ஆரம்பித்தீர்கள், அதுதான். மேடு எது, பள்ளம் எது என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? கண்ணை வைத்துத்தானே? பொறி பறக்கிறபோது கண் என்ன பார்க்கும்?

சின்னச் சக்கரம் அலைமேல் ஏறி இறங்கும் படகு மாதிரி. மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும், இரண்டையும் ஒரே அளவு தேய்க்கும். வரி போகும், அலை போகாது. ஒரு இடத்தில் அரை நொடி கூடுதலாக நின்றால் புதுப் பள்ளமும் போட்டுவிடும். அலையை எடுக்கவேண்டுமானால் அலையைவிட நீளமான எதாவது அதன்மேல் ஓட வேண்டும்.

செய்யவேண்டியது இது. பிளேட்டின் முகத்தில், ஓரத்தை ஒட்டி ஒரு அங்குல அகலத்துக்கு எமரி போட்டுப் பளிச்சென்று ஆக்குங்கள். மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்துத் துணியால் தடவுங்கள். இரும்பின்மேல் செம்பு படிந்து செக்கச்செவேல் என்று ஆகும். அதன்மேல் கீறினால் கோடு முடி மாதிரி தெரியும். சாக்பீஸ் கோடு அரை நூல், ஒன்றரை மி.மீ. தடிமன். அதில் இந்தக் கரையா அந்தக் கரையா என்று வெட்டுபவனுக்கு எப்படித் தெரியும்?

வளைவைக் கையால் வரையாதீர்கள். முடிச்சு இல்லாத, மெல்லிய தேக்கு ரீப்பர் ஒன்றை எடுத்து, நாலைந்து இடத்தில் ஆணிக்கு இடையே வளைத்து நிறுத்துங்கள். மரம் தானாக எப்படி வளைகிறதோ அதுதான் நல்ல வளைவு. காசிமேட்டில் படகு கட்டுகிறவர்களைப் போய்ப் பாருங்கள், இப்படித்தான் சட்டத்தைப் போட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். ஒரு காலில் அந்த வளைவை ஒட்டுப்பலகையில் வெட்டி டெம்ப்ளேட் ஆக்குங்கள். மற்ற மூன்றுக்கும் அதே டெம்ப்ளேட்தான்.

கோடு கீறியபிறகு, கோட்டின்மேல் அங்குலத்துக்கு ஒன்றாக சென்டர் பஞ்ச் புள்ளி வையுங்கள். லேசாக. பிறகு தேய்க்கும்போது புள்ளி பாதியாகும்வரை தேய்க்க வேண்டும். முழுப் புள்ளி தெரிந்தால் இன்னும் மேடு. பாதிப் புள்ளி நின்றால் நிறுத்து. புள்ளியே காணாமல் போய்விட்டால் அன்றைக்கு எங்கள் சார்ஜ்மேனிடம் வாங்குவதை இங்கே எழுத முடியாது.

#6 வில்லிவாக்கத்தான் | ஞாயிறு, காலை 7.30

ஐயா, கோடு எங்கே போட? குழி 3 மி.மீ. ஆழம். எல்லாக் குழியும் மறையவேண்டுமானால் இரண்டு பக்கமும் 3 மி.மீ. உள்ளே போக வேண்டும். அவ்வளவையும் நாலு அங்குல மெஷினில் தேய்த்தால் தை பிறந்துவிடும்.

#7 கேஸ்கட்டர் பாடி | ஞாயிறு, காலை 9.15

நான் கேஸ் கட்டிங் தொழில்தான். நல்லவேளை, நீங்கள் கொடுத்தது என் கடையில் இல்லை. இருந்தாலும் வெட்டினவர் சார்பாக நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

அடிக்கு ஒரு குழி என்றீர்களே, அது அவர் நின்ற இடம். கையால் வெட்டும்போது முழங்கையை ஊன்றி உடம்பைச் சாய்த்து ஓர் அடி வரைக்கும்தான் ஒரே வேகத்தில் போக முடியும். அப்புறம் டார்ச்சின் ஆக்சிஜன் நெம்புகோலை விட்டு, நகர்ந்து உட்கார்ந்து, மறுபடி சிவக்கவைத்து ஆக்சிஜனைத் திறக்க வேண்டும். அந்த ஆரம்பம் எப்போதும் ஓரத்தைக் கொஞ்சம் தின்னும். தெரிந்தவன் கழிவுப் பக்கத்தில் ஆரம்பித்துக் கோட்டுக்குள் வருவான். அவசரக்காரன் கோட்டிலேயே ஆரம்பிப்பான்.

வரிகளைப் பார்த்தாலே வெட்டினவனின் ஜாதகம் சொல்லிவிடலாம். வரி மேலிருந்து கீழே நேராக, மெல்லிசாக இருந்தால் வேகம் சரி. கீழே போகப் போகப் பின்னால் வளைந்திருந்தால் ஓடியிருக்கிறான். மேல் ஓரம் உருகி உருண்டு, கீழே பள்ளம் பள்ளமாக இருந்தால் தூங்கியிருக்கிறான். மேல் ஓரத்துக்குக் கீழே குடைந்த மாதிரி இருந்தால் ஆக்சிஜன் பிரஷர் ஜாஸ்தி. ஓரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் டார்ச் சாய்ந்திருக்கிறது, அல்லது நாசில் துளையில் கசடு அடைத்து ஜெட் கோணலாக வருகிறது. உங்களுடையது எது?

#8 வில்லிவாக்கத்தான் | ஞாயிறு, காலை 9.50

இப்போதுதான் டார்ச் லைட் அடித்துப் பார்த்தேன். வரி பின்னால் வளைந்திருக்கிறது. சில இடங்களில் மட்டும் மேல் ஓரம் உருண்டிருக்கிறது. அப்படியானால் ஓடியும் இருக்கிறார், தூங்கியும் இருக்கிறார்.

#9 கேஸ்கட்டர் பாடி | ஞாயிறு, காலை 10.02

மதியச் சாப்பாட்டுக்கு முன் பாதி, பின் பாதி.

சரி, அடுத்த முறைக்கு ஒன்று. இந்த மாதிரி வளைவுக்கு 10 மி.மீ. கம்பியைக் கோட்டுக்கு இணையாக வளைத்து, பிளேட்டின்மேல் மூன்று நாலு இடத்தில் டேக் (சின்ன வெல்ட் பொட்டு) அடித்துவிட்டால் போதும். நாசில் அந்தக் கம்பியை உரசிக்கொண்டே போகும், கை ஆடினாலும் கோடு ஆடாது. நாசில் தடிமனில் பாதியைக் கணக்கில் எடுத்துக் கம்பியைத் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். வட்டமாக இருந்தால் காம்பஸ் மாதிரி ஒரு அட்டாச்மென்ட் உண்டு. பட்டறைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டால் செய்வார், கேட்காவிட்டால் சும்மா கை வெட்டுதான். பிளேட் துருப்பிடித்துக் கிடந்தாலும் வெட்டு குதிக்கும். அந்தத் துருவைத் தேய்த்துக் கொடுக்கிற வாடிக்கையாளரை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

#10 வில்லிவாக்கத்தான் | ஞாயிறு, காலை 10.30

இன்னொரு யோசனை. அதே டார்ச்சால் ஓரத்தில் இரண்டு மூன்று மி.மீ. மட்டும் மறுபடி சீவி எடுக்க முடியாதா?

#11 கேஸ்கட்டர் பாடி | ஞாயிறு, காலை 10.41

வேண்டாம் சார். வெட்டின தடமே 2, 3 மி.மீ. அகலம் வரும். சுடருக்கு இரண்டு பக்கமும் இரும்பு வேண்டும். ஒரு பக்கம் வெறும் காற்றாக இருந்தால் சூடு அந்தப் பக்கம் வழிந்துபோகும், ஜெட் ஓரத்தை நக்கிக்கொண்டு போகும். முதலைக்கு இன்னொரு முதலை பிறக்கும்.

#12 மைக்ரான் | ஞாயிறு, மதியம் 12.25

எண்ணூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். குழி பற்றி மட்டும் பேசுகிறேன்.

எஃகுக் கட்டுமான வெல்டிங்குக்கு நாங்கள் பார்க்கிற அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 விதிப்படி, 100 மி.மீ. தடிமன் வரை வெட்டு ஓரத்தின் சொரசொரப்பு 25 மைக்ரானைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தேய்த்து எடுக்க வேண்டும். 5 மி.மீ. ஆழம் வரையிலான குழியையும் அப்படியே தேய்த்துச் சரிசெய்யலாம். ஆனால் குழியை மட்டும் தோண்டி விடக்கூடாது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இரண்டு பக்கமும் இழைய விட வேண்டும். உங்கள் 3 மி.மீ. குழிக்கு இந்தப் பக்கம் 30, அந்தப் பக்கம் 30.

எதற்கு இதெல்லாம் என்றால், ஊஞ்சல் சும்மா நிற்கிற சுமை இல்லை. முன்னும் பின்னும் ஆடுகிறது. கூரான பள்ளம் ஒன்று இருந்தால் விசை அங்கேதான் கூடும், வருஷக்கணக்கில் ஆடி ஆடி விரிசல் அங்கேதான் தொடங்கும். அதே காரணத்துக்காக, கடைசித் தேய்ப்பின் கீறல்கள் காலின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே இருக்கக்கூடாது. ஃபிளாப் டிஸ்க்கைக் குறுக்கே இழுத்துவிட்டு வழவழப்பாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். கைக்கு வழவழப்பு, இரும்புக்கு ஆயிரம் கீறல்.

#13 பழைய ஃபிட்டர் | ஞாயிறு, மதியம் 3.40

மைக்ரான் சார் சொல்வது பலத்துக்குச் சரி. கண்ணுக்குப் போதாது. 30 மி.மீ. சரிவில் இறங்கி ஏறினால் அதுதான் தம்பி பார்த்த மெரினா. 3 மி.மீ. குழியை வெல்ட் வைத்து நிரப்பிவிட்டு, கோட்டை அரை நூல் மட்டும் உள்ளே தள்ளிப் போடுங்கள். ஒரு காலுக்கு எத்தனை குழி? பத்து, பன்னிரண்டு இருக்குமா? அரை மணி நேர வேலை.

நிரப்புவதற்கு முன் குழியில் உள்ள கறுப்பை முழுக்கத் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கசடு சிக்கி, தேய்க்கும்போது ஊசித் துளை துளையாகத் திறக்கும்.

#14 மைக்ரான் | ஞாயிறு, மாலை 5.05

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. மைல்டு ஸ்டீல், 12 மி.மீ. என்பதால் வீட்டு வேலைக்கு 6013 வெல்டிங் ராடே போதும். 7018 வைத்திருந்தால், மழைக்காலத்தில் திறந்து கிடந்த பாக்கெட்டை அப்படியே எடுத்து அடிக்காதீர்கள். அந்த ராடு ஈரம் குடிக்கும். யார்டில் 260 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரமாவது அடுப்பில் வைத்துத்தான் கொடுப்போம்.

அரம் வழுகுகிறது என்று கேட்டீர்களே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேஸ் கட்டிங் என்பது இரும்பை உருக்குவது இல்லை, எரிப்பது. சிவந்த இரும்பு சுத்தமான ஆக்சிஜனில் பற்றிக்கொள்கிறது. இரும்பு முந்திக்கொண்டு எரிய, இரும்பில் உள்ள கரி (கார்பன்) பின்தங்கி, ஓரத்தில் உருகி நிற்கும் மெல்லிய தோலில் சேர்ந்துவிடும். சுற்றியுள்ள பிளேட் சில்லென்று இருப்பதால் அந்தத் தோல் மறுகணமே குளிர்ந்து இறுகும். நம் சாதாரண ஐ.எஸ். 2062 பிளேட்டில் கரி 0.23 சதவீதத்துக்குள்தான், ஆகவே பெரிதாக இறுகாது. ஆனால் வெட்டிய சூட்டோடு தண்ணீர் ஊற்றியிருந்தால் தனிக் கதை. எதுவாக இருந்தாலும் கல் சக்கரத்தால் அரை மி.மீ. எடுத்துவிட்டால் அடியில் மெத்தென்ற இரும்பு. அதற்கு முன் நல்ல அரத்தை அதில் வைக்காதீர்கள், பல் போய்விடும்.

#15 சிற்பக்கூடம் | ஞாயிறு, இரவு 8.15

நான் இரும்பில் சிற்பம் செய்கிறவள். கவின்கலைக் கல்லூரியில் படித்தபோது டார்ச் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். எல்லோரும் எப்படி எடுப்பது என்றே பேசுகிறீர்கள். அந்த வரிகளில் என்ன குறை? சுடர் போன தடம் அது. நான் ஓரத்தைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, மெழுகு தடவி அப்படியே விடுவேன்.

#16 வில்லிவாக்கத்தான் | ஞாயிறு, இரவு 8.22

மேடம், அம்மாவின் புடவை முந்தானை ஒருமுறை மாட்டினால் என் தடம் இருக்காது.

#17 சிற்பக்கூடம் | ஞாயிறு, இரவு 8.30

அது நியாயம். அப்படியானால் உள் வளைவுக்கு ஒன்று சொல்கிறேன், அங்கேதான் எல்லோரும் மாட்டுவார்கள். வெளி வளைவில் தட்டைச் சக்கரம் சுலபமாக ஓடும். உள் வளைவில் சக்கரத்தின் விளிம்பு மட்டும்தான் தொடும், தொட்ட இடத்தில் பிறை மாதிரி தோண்டும். உங்கள் வளைவின் ஆரம் எவ்வளவு?

#18 வில்லிவாக்கத்தான் | ஞாயிறு, இரவு 8.41

சுமார் 900 மி.மீ.

#19 சிற்பக்கூடம் | ஞாயிறு, இரவு 9.10

180 மி.மீ. சக்கரத்தைப் படுக்க வைத்தால் நடுவில் நாலரை மி.மீ. இடைவெளி நிற்கும். 100 மி.மீ. சக்கரத்துக்கு ஒன்றரை மி.மீ.க்கும் குறைவு. ஆகவே உள் பக்கத்துக்கு உங்கள் சின்ன மெஷினே மேல். பெரிசு வாங்க ஓடாதீர்கள். முக்கால்வாசி தேய்த்தபிறகு மெஷினைக் கீழே வைத்துவிடுங்கள். உள் வளைவின் டெம்ப்ளேட்டை வெட்டிய ஒட்டுப்பலகையில் மறுபாதி மிஞ்சும் இல்லையா, அதை ஓர் அடி நீளத்துக்கு நறுக்கி, இரண்டு மூன்று துண்டை ஒட்டித் தடிமனாக்கி, அதன் ஓரத்தில் பழைய சாண்டர் பெல்ட்டை ஒட்டினால் உங்கள் வளைவுக்கென்றே செய்த கைச் சாணை. அலை அதில் ஒளிய முடியாது.

#20 பழைய ஃபிட்டர் | திங்கள், காலை 5.55

இந்த அம்மா நம் ஆள்.

#21 கத்திப் பட்டறை தாம்பரம் | திங்கள், காலை 8.20

அவ்வளவு கைவேலை எதற்கு? சாண்டரில் பெல்ட்டின் தளர்வான பகுதியை உள் வளைவில் ஒத்தினால் பெல்ட்டே வளைந்து கொடுக்குமே.

#22 பழைய ஃபிட்டர் | திங்கள், காலை 8.45

வளைந்து கொடுக்கும். பள்ளத்துக்கும் வளைந்து கொடுக்கும், மேட்டுக்கும் வளைந்து கொடுக்கும். வளைந்து கொடுக்கிறவனை வைத்து யாரையும் திருத்த முடியாது தம்பி. பளபளப்புக்கு அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

#23 வில்லிவாக்கத்தான் | வியாழன், இரவு 10.10

நடந்ததைச் சொல்கிறேன். பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போய் அரைவட்ட அரம் ஒன்று, தட்டை அரம் ஒன்று, கிரைண்டிங் வீல், சி-கிளாம்ப் எல்லாம் வாங்கினேன். மயில்துத்தம் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. எதற்கு என்று கடைக்காரர் மூன்று முறை கேட்டார்.

ரீப்பரை வளைத்துக் கோடு போட்டபோதுதான் தெரிந்தது, நான் சாக்பீஸில் வரைந்த வளைவே சரியில்லை. வயிறு இரண்டு இடத்தில் தட்டையாக இருந்தது. பாதிப் பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டு இரண்டு கால்களாகச் சேர்த்துக் கிளாம்ப் போட்டு, முனைகளில் சின்னதாக டேக் அடித்துவிட்டேன். இது நானாக யோசித்தது. ஓரம் 24 மி.மீ. அகலமாகிவிட்டதால் சக்கரம் சாய்வது குறைந்தது, இரண்டு காலும் ஒன்றுபோல் வருகின்றன. சரியா ஐயா?

ஒரு சந்தேகம். நண்பர் ஒருவர் ஏழு அங்குல கிரைண்டிங் வீல் பத்து கொடுத்தார். இப்போது கையில் வந்திருக்கும் இன்னொரு மெஷின் ஐந்து அங்குலம்தான். சக்கரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றினால் வீல் உள்ளே போகிறது...

#24 மைக்ரான் | வியாழன், இரவு 10.14

கூடவே கூடாது. ஏழு அங்குல வீல்மேல் 8,500 சுற்று என்று அச்சடித்திருக்கும். ஐந்து அங்குல மெஷின் 11,000 பக்கம் சுற்றும். வீல் வெடித்தால் துண்டு நேராக உங்கள் பக்கம்தான். அப்படியே வீலின் நடுவில் உள்ள தகரவளையத்தையும் பாருங்கள், காலாவதித் தேதி இருக்கும். பிசினில் ஒட்டிய சக்கரத்துக்கு மூன்று வருஷம்தான் ஆயுசு. நண்பர் சும்மா கொடுத்தார் என்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

#25 வில்லிவாக்கத்தான் | வியாழன், இரவு 10.31

பார்த்தேன். நாலு வருஷம் முன்பே காலாவதி. நண்பரிடம் பேசிக்கொள்கிறேன்.

#26 பழைய ஃபிட்டர் | வெள்ளி, காலை 6.05

இரண்டைச் சேர்த்தது நல்ல யோசனை. நாலையும் சேர்த்திருந்தால் இன்னும் நல்லது, ஆனால் 68 கிலோவைப் புரட்ட ஆள் வேண்டும்.

இப்போது அரம். முதல் வாட்டத்துக்குத் தள்ளி அராவுங்கள். பாதிப் புள்ளி வந்தபிறகு அரத்தைக் குறுக்கே, ஓரத்துக்குச் செங்குத்தாக, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீளவாக்கில் இழுத்துவிடுங்கள். மைக்ரான் சார் கேட்ட கீறல் திசையும் அதிலேயே வந்துவிடும். பல்லுக்கிடையே சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் பிசிறு சிக்காது. சிக்கினால் அது ஒரு கோடு இழுக்கும், அந்தக் கோட்டை எடுக்கப் பத்து நிமிஷம்.

சோதிக்க, ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேலை வெளி ஓரத்தில் வளைத்துப் பிடித்துப் பின்னால் ட்யூப்லைட் வையுங்கள். வெளிச்சம் கசிகிற இடம் பள்ளம். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, துணி சுற்றிய விரலால் முழு நீளமும் ஒரே இழுப்பு. கண் ஏமாறும். விரல் சீக்கிரம் ஏமாறாது.

#27 கேஸ்கட்டர் பாடி | வெள்ளி, இரவு 7.50

பெயின்ட் அடிக்கும் முன் இரண்டு பக்க மூலையையும் 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். கூர்மூலையில் பெயின்ட் நிற்காது, மெலிந்துபோகும், நம் ஊர் உப்புக்காற்றுக்குத் துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும். குழியில் கறுப்பு ஆக்சைடு மிச்சம் இருந்தாலும் அங்கே பெயின்ட் ஏடு ஏடாகப் பெயரும்.

#28 அம்பத்தூர் லேசர் | வெள்ளி, இரவு 8.30

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், லேசரில் ஆக்சிஜன் வைத்து வெட்டினாலும் அந்த ஆக்சைடுத் தோல் உண்டு. பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும் முன் நாங்களும் தேய்த்துத்தான் அனுப்புகிறோம். தோலை எடுக்க ஆசிட் யோசனை யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஒருமுறை ஷெட்டுக்குள் வைத்து ஊறப்போட்டேன். பிளேட் வெள்ளையாக வந்தது. ஆனால் அந்தப் புகையில் மறுநாள் காலை ஷெட்டில் இருந்த ஸ்பானர், டிரில், வெர்னியர் எல்லாம் ஆரஞ்சு நிறம்.

#29 கத்திப் பட்டறை தாம்பரம் | சனி, காலை 9.00

எல்லோரும் ஓரத்தையே பார்க்கிறீர்கள், கண்ணை யாரும் சொல்லவில்லை. பாதுகாப்புக் கண்ணாடிக்கு மேலேயே முக ஷீல்டும் போடுங்கள். போன வருஷம் ஒரு பொறி கண்ணாடியின் பக்கவாட்டில் புகுந்து, எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். 1819-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி. வரிசையில் எனக்கு முன்னால் இருந்த மூன்று பேரும் கிரைண்டர்காரர்கள்.

#30 வில்லிவாக்கத்தான் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.45

முடிந்தது. நாலு காலுக்கும் சேர்த்து ஒன்பது சாயங்காலம். மதியத் தூக்கம் கெடுகிறது என்று கீழ்வீட்டுத் தாத்தா சொன்னதால் நாலு மணிக்கு மேல்தான் மெஷின். அதனாலேயே அரத்துக்கு நிறைய நேரம் கிடைத்தது, அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. அரம் உண்மையிலேயே சீவியது ஐயா, தோல் போனபிறகு. தேங்காய் துருவுகிற மாதிரி சத்தம்.

நேற்று ரெட் ஆக்சைடு, இன்று பச்சை எனாமல். பலகையைப் பரணிலிருந்து கடைசியாக இறக்கினேன். அம்மா உட்கார்ந்து, காலால் தரையை ஒரு உந்து உந்தி, பக்கத்துக் காலைப் பிடித்துக் கையை மேலும் கீழும் ஓட்டினார். மூன்றாவது கால், கீழிருந்து இரண்டு ஜாண் உயரம். கை நின்றது. "இங்க என்னடா லேசா தட்டுது?" என்றார்.

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் கசியவே இல்லை. விரல் வைத்தால் இருக்கிறது.

#31 பழைய ஃபிட்டர் | ஞாயிறு, மாலை 7.02

குழி நிரப்பிய இடமா அது?

#32 வில்லிவாக்கத்தான் | ஞாயிறு, மாலை 7.05

ஆமாம் ஐயா.

#33 பழைய ஃபிட்டர் | ஞாயிறு, மாலை 7.11

வெல்ட் இரும்பு பக்கத்து இரும்பைவிடக் கொஞ்சம் கெட்டி. அரம் அங்கே தயங்கும், சுற்றிலும் கூடுதலாகத் தின்னும், அந்த இடம் மட்டும் எழும்பி நிற்கும். பெயின்ட் நன்றாகக் காயட்டும், ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் அந்த இடத்தில் மட்டும் பெயின்டை எடுத்துவிட்டு, சிற்பக்கூடத்து அம்மா சொன்ன பலகைச் சாணையை நீளமாகப் பத்து இழுப்பு. முடிந்ததும் ஸ்கேலை வைக்க வேண்டாம், அம்மாவையே கூப்பிட்டுக் கை வைக்கச் சொல்லுங்கள்.